ஆறு குழித் தட்டு

இலங்கையில் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த அதிவிசேட வர்த்தமானி நெருப்புக்கு அளவு சொன்னது. கொவிட்-19 தொற்றி இறந்தவரின் உடலை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது முக்கால் மணி நேரமாவது எரிக்க வேண்டும். எதை அழிக்க அந்த நெருப்போ, அதற்கு அந்தத் தாளில் அளவு எதுவும் இல்லை. ஒரு மையித்தில், அதாவது இறந்தவரின் உடலில், தொற்றவல்ல வைரஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கபனையும் பையையும் தாண்டி எவ்வளவு கசியும்? ஆறடி மண்ணுக்குக் கீழே நீர்மட்டத்தைத் தொடும்போது அதில் எத்தனை உயிர்ப்போடு இருக்கும்? உடலை அடக்கவே சொல்லும் எங்கள் மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் இவை எண்ணால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். எண்ணும் வழியும் 1952இலிருந்து உலகத்துக்குத் தெரியும்.

அடக்கினால் நிலத்தடி நீர் மாசடைந்துவிடும் என்பதே அரச தரப்பு நிபுணர்கள் சொன்ன காரணம். குழாய் நீரை மட்டுமே அறிந்தவர்களுக்கு அது வெறும் சாட்டாகப் பட்டிருக்கலாம். எங்கள் அம்பாறைக் கரையில் மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரமாக நீளும் ஊர்களில் அந்தச் சொல் வேறு விதமாகத்தான் விழுந்தது. இங்கே மண் என்றால் மணல். வளவுக்குள் கிணறு. மாரியில் வாளிக்கயிறு அதிகம் இறங்கவே வேண்டாம். மையவாடிகளும் குடிமனைகளுக்கு நடுவேதான் கிடக்கின்றன. ஆகவே அந்த வாதத்தை எடுத்த எடுப்பிலேயே உதறியவர்களைவிட, கிணற்றுக்கட்டில் நின்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். கேள்வி நியாயமானது. அதைக் கேட்டவர்கள் பதிலைத் தேடாமலே தீர்ப்பை எழுதிவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

எண்ணும் வழியைத் தந்த ரெனாட்டோ டல்பெக்கோ இத்தாலியர். அமெரிக்காவின் கால்டெக் நிறுவகத்தில், பக்டீரியாக்களைத் தின்னும் வைரஸ்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். அக்கி வந்து அவதிப்பட்ட பணக்காரர் ஒருவர் விலங்குகளையும் மனிதர்களையும் தாக்கும் வைரஸ்களை ஆராயச் சொல்லி அந்த நிறுவகத்துக்குப் பணம் கொடுத்தார்; அந்த வேலை டல்பெக்கோவிடம் வந்தது. பக்டீரியா வைரஸ்களை எண்ணுவது 1917இல் பெலிக்ஸ் டி ஹெரல் காலத்திலிருந்தே எளிது. பக்டீரியா படர்ந்த தட்டில் வைரஸ் விழுந்த இடம் வட்டமாகத் தெளிந்துவிடும். வட்டங்களை எண்ணினால் போதும். விலங்கு வைரஸுக்கு அந்த வசதி இருக்கவில்லை. எலிகளுக்கு ஊசி போட்டு எத்தனை சாகின்றன என்று பார்க்க வேண்டும், அல்லது கருக்கொண்ட முட்டைகளைக் கணக்கில்லாமல் செலவழிக்க வேண்டும்.

டல்பெக்கோ கோழிக் கருவின் கலங்களைக் கண்ணாடித் தட்டில் ஒற்றைப் படலமாக வளர்த்தார். குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு வைரஸை அதன்மேல் விட்டு, மேலே அகார் ஊற்றி மூடினார். அகார் என்பது நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் சீனி போட்டுக் காய்ச்சும் கடற்பாசியேதான். அது இறுகிவிட்டால் வைரஸ் நீரில் மிதந்து தூரத்துக் கலங்களுக்குப் போக முடியாது. தான் கொன்ற கலத்துக்கு அடுத்த கலம், அதற்கு அடுத்தது என்று பக்கத்திலேயே பரவும். சில நாட்களில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒன்று உருவாகும். இந்த வட்டத்துக்குத்தான் பிளாக் என்று பெயர்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. ஒரு வட்டம் உண்டாக எத்தனை துகள்கள் வேண்டும் என்று கேட்டார். இரண்டு துகள்கள் கூடினால்தான் வட்டம் என்றிருந்தால், கரைசலைப் பாதியாக நீர்க்கும்போது வட்டங்கள் காற்பங்காகிவிட வேண்டும். அவை பாதியாகத்தான் குறைந்தன. ஒரு துகளே போதும். 1952இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முழுப் பலமும் இந்த நேர்கோட்டில் இருக்கிறது. பிறகு மார்கரெட் வோக்ட்டோடு சேர்ந்து போலியோ வைரஸையும் குரங்குச் சிறுநீரகக் கலங்களில் இதே முறையில் எண்ணினார். 1975இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது புற்றுநோய் வைரஸ்களுக்காக. வட்டம் எண்ணியதற்காகவே கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய ஆய்வுகூடத்திலும் வேலை பெரிதாக மாறவில்லை. கையகலப் பிளாஸ்டிக் தட்டு, அதில் ஆறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வீரோ கலங்கள். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள் இவை. மாதிரியை எடுத்துப் பத்தில் ஒன்றாக நீர்க்க வேண்டும்; அதை மறுபடி பத்தில் ஒன்றாக; மறுபடியும். ஒவ்வொரு தடவையும் பிப்பெட்டின் முனையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய கரைசல் ஒட்டிக்கொண்டு வந்து கணக்கைக் கெடுக்கும். குழிக்கு 0.2 மில்லிலீற்றர் விட்டு, ஒரு மணித்தியாலம் 37 பாகையில் வைத்து, இடையிடையே தட்டை மெல்லச் சரித்துக் கொடுக்க வேண்டும். கவனம் தப்பினால் நடுவிலுள்ள கலங்கள் காய்ந்து செத்து, வைரஸ் செய்யாத கொலையை வைரஸின் கணக்கில் எழுதிவிடும். பின்னர் மேற்பூச்சை ஊற்றிக் காபனீரொட்சைட்டு உள்ள இன்கியூபேட்டரில் மூன்று நாள் வைக்க வேண்டும். கொரோனா வைரஸென்றால் இத்தனையும் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வுகூடத்துக்குள், முழு உடையோடு நடக்க வேண்டும். கடைசியில் போர்மலினால் எல்லாவற்றையும் கொன்று, கிறிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால், பிழைத்த கலங்கள் ஊதாவாக நிற்கும். செத்த இடங்கள் வெளிறிய வட்டங்களாகத் தெரியும்.

ஒரு குழியில் முந்நூறு வட்டங்கள் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண முடியாது. மூன்றுதான் வந்தால் அது தற்செயலாக ஐந்தாகவோ ஒன்றாகவோ இருந்திருக்கலாம். இடைப்பட்ட குழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றாக நீர்த்த குழியில் 46 வட்டங்கள் என்று வையுங்கள். 46ஐ 0.2ஆல் வகுத்து, பத்தாயிரத்தால் பெருக்கினால் மில்லிலீற்றருக்கு 23 இலட்சம். அலகு, ‘பிளாக் உண்டாக்கும் அலகு’. துகள்களின் தொகையை இது சொல்வதில்லை. மின்நுணுக்குக்காட்டியில் எண்ணினால் துகள்கள் பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ கூட இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உடைந்தவை, குறைபட்டவை, ஒன்றும் செய்ய மாட்டாதவை.

அம்பாறை வயற்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைநெல் வாங்கும்போது மூட்டையின் எடையை மட்டும் பார்த்து எவரும் விதைப்பதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து, நூறு மணி எண்ணி, ஈரச்சாக்கில் போட்டு, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார்கள். பீ.சீ.ஆர் பரிசோதனை மூட்டையை நிறுக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏயில் ஒரு சிறு துண்டைத் தேடி, அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி, இருக்கிறது என்று சொல்கிறது. அந்தத் துண்டு முழு வைரஸுக்குள் இருந்ததா, சிதைந்துபோன மிச்சமா என்று அதற்குத் தெரியாது. அது அதன் குற்றமுமில்லை, அதற்காக அது செய்யப்படவில்லை. நோயாளியைக் கண்டுபிடிக்க அது அருமையான கருவி. 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுக் கொத்தணி வெடித்து ஊர்கள் மூடப்பட்டபோது யார் வீட்டில் இருக்க வேண்டும், யார் வெளியே வரலாம் என்பதை அதுதான் சொன்னது. ஆனால் மையித்தின் மூக்கில் பீ.சீ.ஆர் ‘பொசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கிணற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த வித்தியாசம் அப்போதே அச்சில் வந்துவிட்டது. வர்த்தமானிக்குப் பத்து நாள் முன், ஏப்ரல் 1ஆம் திகதி, ‘நேச்சர்’ இதழில் ஜெர்மானியர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. மியூனிக்கில் ஒன்பது நோயாளிகளை நாள்தோறும் பின்தொடர்ந்திருந்தார்கள். முதல் வாரத்தில் தொண்டையிலிருந்தும் சளியிலிருந்தும் எடுத்த வைரஸ் கலங்களில் வளர்ந்தது. எட்டாம் நாளுக்குப் பிறகு, பீ.சீ.ஆரில் ஆர்.என்.ஏ ஏராளமாகத் தெரிந்தும், கலங்களில் ஒன்றும் வளரவில்லை. மலத்தில் ஆர்.என்.ஏ மிகுதியாக இருந்தது. அதிலிருந்தும் வைரஸை வளர்க்க முடியவில்லை. உயிரோடு இருப்பவரின் உடலிலேயே தடயம் வேறு, தொற்று வேறு.

எதிர்த்தரப்பின் சான்றையும் மறைக்கக் கூடாது. பின்னர் ஜெர்மனியில் நடந்த பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில், சில உடல்களிலிருந்து இறந்து நாட்கள் சென்ற பிறகும் தொற்றவல்ல வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். ஆகவே ‘மையித்தில் வைரஸே இருக்காது’ என்று மேடையில் முழங்கியவர்களும் சரியில்லை. மையித்தைக் குளிப்பாட்டுபவருக்கு ஆபத்து உண்டு. கையுறை வேண்டும், பை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வழிகாட்டலில் இந்தக் கவனங்களைச் சொல்லிவிட்டு, அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றது.

அடுத்து மண்ணும் நீரும். கொழுப்பு உறை போர்த்த வைரஸ்கள் நீரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அதே 2020இல் அமெரிக்காவில் குழாய் நீரிலும் கழிவுநீரிலும் இந்த வைரஸைக் கலந்து சோதித்தார்கள். வட்டம் எண்ணும் முறைக்கு உடன்பிறந்த முறை அது: எந்த நீர்ப்பு வரை கலங்கள் சாகின்றன என்று பார்ப்பது. அறை வெப்பத்தில் தொற்றவல்ல வைரஸில் பத்தில் ஒன்பது பங்கு அழிய ஒன்றரை நாளிலிருந்து ஒன்றேமுக்கால் நாள் சென்றது. தொடக்கத்தில் வைரஸை மிக அதிகமாகக் கொட்டியபோது ஏழு நாள் கழிந்தும் கொஞ்சம் மிஞ்சியது. ஆர்.என்.ஏ அதைவிட வெகுகாலம் நின்றது. அந்த வேகத்தையே வைத்துக்கொண்டால், நான் மேலே சொன்ன 23 இலட்சம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துசேரப் பத்து நாள் போலச் செல்லும். அதுவும் நேரே நீரில் கரைத்துவிட்டால். மையித்தைக் கிணற்றில் யாரும் போடுவதில்லை. பைக்குள் வைத்து, மண்ணுக்குள், நீர்மட்டத்துக்கு மேலே வைக்கிறோம். மணல் வழியே நீர் ஊர்ந்து கிணற்றை எட்டும் நாட்களை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஆபத்து சுழியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்த இடத்தில்தான் ஆறு குழித் தட்டு எனக்கு அரசியல் பாடமும் நடத்துகிறது. நீர்க்காத மாதிரியை 0.2 மில்லிலீற்றர் விட்ட குழியில் ஒரு வட்டமும் வராவிட்டால், ஒழுங்கான ஆய்வாளர் பதிவேட்டில் சுழியம் என்று எழுத மாட்டார். ‘மில்லிலீற்றருக்கு ஐந்துக்கும் குறைவு’ என்று எழுதுவார். இன்னும் கறாரானவர் தற்செயலையும் கணக்கில் எடுத்துப் பதினைந்துக்கும் குறைவு என்பார். அந்தத் துளிக்கு வெளியே என்ன இருந்தது என்று தட்டுக்குத் தெரியாது. முறைக்கு வேறு பலவீனங்களும் உண்டு. இரண்டு மூன்று துகள்கள் ஒட்டிக் கிடந்தால் ஒரு வட்டமாகத்தான் எண்ணும். வீரோ கலங்களால் இன்ரர்பெரோன் என்ற காவல் புரதத்தைச் சுரக்க முடியாது. மனித மூச்சுக்குழாயைவிட இளகிய இரை அவை. எல்லாம் கூடியும் அது சுழியத்தைத் தராது. உலகில் எந்த அளவுகோலும் தராது.

எனவே ‘ஆபத்தே இல்லையென்று நிரூபியுங்கள், பிறகு அடக்குங்கள்’ என்று ஒரு சமூகத்திடம் சொன்னால், எந்த ஆய்வுகூடத்தாலும் தர முடியாத சான்றிதழைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். எவ்வளவு சிறிய ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது என்பது ஆட்சியாளர் எடுக்கும் முடிவு. அந்த முடிவை எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுத்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்த நோயாளிகள் வைத்தியசாலைகளிலும் தனிமைப்படுத்தல் நிலையங்களிலும் மலசலகூடத்தைப் பாவித்தார்கள். நாட்டில் பெரும்பாலான மலக்குழிகள் மண்ணில் கசிபவை. அந்த மலத்தில் ஆர்.என்.ஏ இருந்தது. எந்த மலக்குழியையும் 1200 பாகையில் எரிக்கச் சொல்லி வர்த்தமானி வரவில்லை.

எங்கள் கரைக்கு இதில் பழைய அனுபவமும் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. கபனுக்குத் துணி போதவில்லை, தனித்தனிக் கப்ர் வெட்ட ஆள் போதவில்லை. கடற்கரை மணலிலேயே கூட்டாக அடக்கினார்கள். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற பயம் அன்றும் பரவியது. வரவில்லை. அனர்த்தங்களில் அடிபட்டு இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வருவதில்லை என்று அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பு அதே 2004இல் ஒரு கைநூலே வெளியிட்டிருந்தது. கிணறுகள் கெட்டன, ஆனால் உப்பால் கெட்டன. கடல்நீர் புகுந்த கிணற்றை மறுபடி மறுபடி இறைத்தவர்கள் அடியிலிருந்து இன்னும் உப்பையே வரவழைத்தார்கள். சுனாமி மையித்தும் கொரோனா மையித்தும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் மணலில் புதைத்தால் கிணறு என்னாகும் என்ற கேள்விக்குப் பதினாறு வருடம் முன்னரே இந்த மண்ணில் ஒரு பாடம் கிடைத்திருந்தது. கொழும்பில் அதை யாரும் விசாரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

விசாரிக்க ஆளும் இருந்தார். மலிக் பீரிஸ் கண்டியில் படித்து, பேராதனையில் மருத்துவரானவர். ஒக்ஸ்போர்டில் ஜேம்ஸ் போர்ட்டர்பீல்டின் கீழ் ஆராய்ச்சி செய்து, சில வேளைகளில் எதிர்ப்புடலே வைரஸுக்கு வாசல் திறந்துவிடுகிறது என்று காட்டினார். திரும்பி வந்து பேராதனையில் வைரஸ் ஆய்வுகூடம் அமைத்தார். அனுராதபுரப் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது நுளம்பையும் பன்றியையும் மனிதரையும் சேர்த்து ஆராய்ந்தார். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை முதன்முதலில் வளர்த்தெடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார், குரங்குக் கலங்களில்தான். 2020 முற்பகுதியிலேயே அவருடைய குழு புதிய கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்புடல்களை அளந்துகொண்டிருந்தது. குருதிப்பாயம் எத்தனை வட்டங்களைத் தடுக்கிறது என்று எண்ணுவதுதான் முறை. உலகில் இந்த விஷயத்தைக் கேட்க ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்கள் இருந்தால், அவர்களில் ஒருவர் நம் நாட்டவர். அவர் பிபிசியிடம் சொன்னது சுருக்கமானது: இது நீரால் பரவும் நோயல்ல, வைரஸ் உயிருள்ள கலத்தில்தான் பெருகும், கசியாத உறையில் சுற்றி ஆறடியில் புதைத்த உடல் ஓடும் நீரை மாசுபடுத்துவது மிகவும் அரிது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அந்த வருட முடிவை ஒட்டி அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றே அறிக்கை விட்டன.

அதற்கிடையில் நடந்தவை எல்லாருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாய எரிப்பை எதிர்த்த மனுக்களைக் காரணம் கூறாமல் நிராகரித்தது. அடுத்த வாரம் பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்றை எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் வந்துபோன கையோடு, 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்துக்கு வழிவிட்டது. அந்த வாரத்தில் வைரஸின் இயல்பில் ஏதும் மாறியதாக எந்த ஆய்வுகூடமும் அறிவிக்கவில்லை. அடக்கும் இடம் இரணைதீவு என்றார்கள், அந்தத் தீவின் தமிழ் மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடங்கின. பின்னர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் முஸ்லிமல்லாதவர்களும் பல நூறு பேர். பொத்துவிலில் இறந்தவரையும் மாவட்டம் கடந்து அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் 2022 மார்ச் வரை நீடித்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. அந்த அறிவிப்பு ஆறுகளிலும் மேற்பரப்பு நீரிலும் நடந்த ஆய்வுகளைச் சுட்டியது: நீருக்குள் வைரஸ் வருவது பெரும்பாலும் மலசலத்தின் வழியாகவே, பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல என்பது முடிவு. ஊரில் பலரும் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஆறுதல்தான். ஆனாலும் நமக்குச் சாதகமாக வந்த முடிவிடமும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். நீரில் அளந்தது எதை? ஆர்.என்.ஏயையா, கலங்களில் வளரும் வைரஸையா? ஒன்றும் தென்படாத மாதிரிகளுக்குப் பக்கத்தில் கண்டறியும் எல்லை என்னவென்று போட்டிருக்கிறதா? மையவாடிகளை ஒட்டிய கிணறுகள் எத்தனை, எந்தப் பருவத்தில், எவ்வளவு ஆழத்தில் பார்க்கப்பட்டன? அந்த அறிக்கைகளை அட்டவணைகளோடு தமிழில் அச்சிட்டு, கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி நூலகங்களில் வைக்கட்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்து மாணவர் எவராவது அந்தக் கூட்டல் கழித்தல்களைச் சரிபார்ப்பார்.